மூன்று விரற்கடை வியப்பு

கடல் பார்க்க அந்தப் பழைய துறைமுக நகரத்துக்குப் போனவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. கடல் இருந்தது. காற்றில் உப்பு இருந்தது. நாள் முழுக்க இரைச்சலும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் சுற்றுலாத் துறை இருந்தது.

ஷட்டரம்மாவுக்கு இது தெரியாது. காலையில் பேருந்திலிருந்து இறங்கியதுமே மூக்கைத் தூக்கி ஓர் இழுப்பு இழுத்து, "வாசனை வருதுங்க" என்றாள்.

"முதல்ல கைப்பையை எடுத்தியான்னு பாரு. கடல் எங்க ஓடிடப் போகுது" என்றார் வீட்டுக்காரர்.

கல்யாணமான புதிதிலிருந்து அவர் சொல்லிவரும் வாக்கியம் இது. கடல் ஓடாது என்ற நம்பிக்கையில் அவர்கள் முதலில் வீடு கட்டினார்கள், பிறகு பெண்ணைப் படிக்கவைத்தார்கள், பிறகு அவருடைய முழங்கால் வலியைக் கவனித்தார்கள். கடலும் ஓடாமல் காத்திருந்தது.

அவள் மின்சார அலுவலகத்தில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். விளக்கு எரியாதவர்கள் வந்து கத்துவார்கள். கட்டணம் அதிகம் என்பவர்கள் அழுவார்கள். ஒருவர் கருகிப்போன மிக்சியைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அதையே சாட்சியாக நிறுத்திவைத்த மாதிரி பேசாமல் நின்றார். எல்லாரையும் அவள் ஒரே முகத்தோடுதான் பார்த்தாள். அந்த முகத்துக்குக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர்தான் ஷட்டரம்மா. மேலதிகாரி ஒரு பாராட்டு விழாவில் அந்தப் பெயரைச் சொல்லியே பொன்னாடை போர்த்தினார். அப்போதும் அவள் முகம் அப்படியேதான் இருந்தது.

வேலை கொடுத்த முகம் இல்லை அது. பெண் பிறந்தபோது குழந்தையை நீட்டிய நர்ஸ், "என்னம்மா, சந்தோஷமே இல்லையா?" என்று கேட்டாள். இருந்தது. மூச்சு முட்டும் அளவுக்கு இருந்தது. சில வீடுகளில் மேலே தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், கீழே குழாயில் ஒரு சொட்டு வராது. நடுவில் எங்கேயோ அடைப்பு. அதைத் தட்டிப் பார்க்க யாரும் இல்லை என்பதால் அவளும் அப்படியே குடியிருந்துவிட்டாள். ஆனால் இப்போது சில நாட்களாக ஒரு பயம் வந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட கடல் முன்னால் போய் நிற்கும்போது, முகத்தில் மட்டுமல்ல, உள்ளேயும் ஒன்றும் நடக்காமல் போனால்? தொட்டியே காலியாக இருந்தால்?

வீட்டுக்காரருக்கு அந்த மாதிரிக் கவலைகள் கிடையாது. அவர் காப்பீட்டு முகவர். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே, "அடேங்கப்பா, என்ன வீடு சார்!" என்று வாய் பிளப்பார். குழந்தையைப் பார்த்தால் "அடேங்கப்பா." நாயைப் பார்த்தாலும் அதே. அந்த வாய்தான் அவர்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது.

கடலோரத் தெரு நெடுக ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தில் ஆணி விழுந்த ஓட்டைகளில் ஒரு காவலாளி பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து அடைத்துக்கொண்டே போனார். அவள் ஓர் ஓட்டையிடம் குனிவதற்குள் அவர் ஓடிவந்து அடைத்துவிட்டார்.

"இப்பவே பாக்கக் கூடாதும்மா. கடல் கடைசி."

"எதுக்குக் கடைசி?"

அதற்குப் பதில் சொல்ல வேறொருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், தலையில் தொப்பி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு மரக்கட்டை. கட்டை ஆப்பு மாதிரி ஒரு முனையில் சன்னமாகவும் மறுமுனையில் தடியாகவும் இருந்தது. பக்கவாட்டில் கோடுகள். அவர் தன்னை அளவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"முன்னாடியெல்லாம் வர்றவங்க பஸ்ஸை விட்டு இறங்கி நேரா கடலுக்கு ஓடிடுவாங்கம்மா. கோட்டையை ஒருத்தர் திரும்பிப் பாக்கல. பீரங்கி மேல ஈரத் துணியைக் காயப் போட்டாங்க. சரித்திரத்துக்கு எவ்வளவு அவமானம்! அதான் துறை ஒரு புது முறை கொண்டுவந்திருக்கு. ஊர்ல இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் பாத்து நீங்க வியக்கணும். வியந்தா கையில மஞ்சள் நாடா கட்டுவோம். எல்லா நாடாவும் இருந்தா கடல் கதவு திறக்கும்."

"வியந்தேன்னு எப்படித் தெரியும்?"

அளவர் கழுத்துக் கட்டையை அன்போடு தடவினார். "வாய் எவ்வளவு திறக்குதுன்னு அளப்போம். குறைஞ்சது மூணு விரக்கடை."

"வெச்சு அளக்கறதை முதல்ல கழுவுவீங்களா?"

"புகாரெல்லாம் பின்னாடிம்மா" என்றார் அளவர். அந்தத் தொனி அவளுக்கு நன்றாகத் தெரிந்த தொனி. வாழ்நாள் முழுக்க அவளே பேசியது.

முதல் இடம் பீரங்கி. கொட்டகை போட்டு, சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.

"இந்தப் பீரங்கி ஒரே ஒரு தடவை வெடிச்சுது" என்று அளவர் கம்பீரமாக அறிவித்தார். "அதுவும் பின்பக்கமா."

"அடேங்கப்பா!" என்றார் வீட்டுக்காரர். கட்டை அவர் வாய்க்குள் தடையில்லாமல் போய், தடித்த முனை வரை போய், இன்னும் இடம் இருந்தது. அளவர் கண்கள் பனித்தன. "இந்த வேலைக்கு வந்ததுலேருந்து இப்படி ஒரு திறப்பு பாத்ததில்ல சார்" என்று சொல்லி நாடாவைக் கட்டினார்.

ஷட்டரம்மா அந்தப் பீரங்கிக்குப் பின்னால் அன்று நின்றவனை நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பிட்டிருப்பானா? பின்பக்கம் நிற்பதுதான் பத்திரம் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? நெஞ்சு கனத்தது. வாய் மூடியே இருந்தது. கட்டையின் சன்ன முனைகூட நுழையவில்லை.

"தொறம்மா கொஞ்சம்" என்று வீட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தார். "பல் டாக்டர்கிட்ட திறக்கல?"

"அங்க வலி இருக்குங்க."

கடலை நினைத்து, வலுக்கட்டாயமாக வாயைத் திறந்தாள். அளவர் முகத்தைச் சுளித்தார். "இது கொட்டாவி. புருவம் ஏறணும். ஏமாத்தப் பாக்காதீங்கம்மா, தினம் ஆயிரம் வாய் பாக்கறவன் நான்."

அடுத்தது கலங்கரை விளக்கம். படி ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் வியந்தார். உச்சியில் எல்லாக் கண்ணாடிக்கும் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள், கடல் தெரிந்துவிடும் என்பதால்.

"அப்ப இங்கேருந்து என்னதான் பாக்கறது?" என்றாள் அவள்.

"ஏறி வந்த படியைப் பாக்கலாம்மா. மேலேருந்து பாத்தா வேற மாதிரி இருக்கும்" என்றார் அளவர்.

ஊருக்கு வெளியே பறவை ஏரிக்கு வண்டியில் கூட்டிப்போனார்கள். ஏரி இருந்தது. பறவை இல்லை. அது வருகிற பருவம் இன்னும் தொடங்கவில்லை.

"வந்ததும் வியக்க நீங்க இருக்க மாட்டீங்க. அதனால இப்பவே முன்கூட்டி வியந்துடுங்க" என்றார் அளவர்.

வீட்டுக்காரர் வெறும் தண்ணீரைப் பார்த்து, கையை நெற்றியில் குடைபிடித்து, "அடேங்கப்பா, எவ்வளவு!" என்றார். அவர் பார்த்த திசையில் கூட வந்த மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர், "அந்த வெள்ளையா இருக்கிறதா?" என்றுகூடக் கேட்டார். எல்லாருக்கும் நாடா கிடைத்தது. கிடைக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஷட்டரம்மா. இன்னொருவன் ஒரு புதுமாப்பிள்ளை. அவனுக்கு வாய் நன்றாகவே திறந்திருந்தது. ஆனால் அவன் ஏரியைப் பார்க்காமல் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளவு சரி, திசை தப்பு" என்று அளவர் தீர்ப்புச் சொன்னார்.

மதியம் கோட்டை வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். துறை இயக்குநர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, மைக்கைத் தட்டிப் பார்க்கும் விரல். பேச்சு என்றால் அவருக்கு உயிர் என்று அந்த விரலிலேயே தெரிந்தது.

"பெருமக்களே! ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். இந்தக் கோட்டையில என்ன இருக்கு? கல்லு இருக்கு. நான் பொறுப்பேத்த நாள்லேருந்து தினமும் பாக்கறேன். எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் தோணினதில்ல. சில வருஷத்துக்கு முன்னாடி, பாரம்பரிய நகரம்னு பட்டம் குடுக்கிற குழு வந்துச்சு. குழுத் தலைவர் இதே இடத்துல நின்னு கொட்டாவி விட்டார். பட்டம் பறிபோகப் பாத்துது. கோட்டையைச் சரிபண்ணலாமான்னு யோசிச்சோம். செலவு அதிகம். பாக்கறவங்களைச் சரிபண்றது சுலபம்னு முடிவுக்கு வந்தோம். இன்னைக்கு நம்ம ஊர் வியப்பு பக்கத்து ஊரைவிட அரை விரக்கடை அதிகம்!"

அளவர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள்.

பிறகு இயக்குநர் வீட்டுக்காரரை மேடைக்கு அழைத்தார். இரு கையிலும் முழங்கை வரை மஞ்சள் நாடாவோடு அவர் ஏறினார். துறையின் முன்மாதிரி வியப்பாளர் என்று அங்கேயே அறிவித்து, கோட்டை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வேலை ஒன்றும் பெரிதில்லை. புதிய கூட்டம் வரும்போதெல்லாம் கோட்டையைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

"நீயும் மனசு வெச்சிருந்தா பக்கத்துலயே உன்னையும் உக்கார வெச்சிருப்பாங்க" என்றார் அவர், நாற்காலியைச் சோதித்துக்கொண்டே.

"நான் கடல் பாக்க வந்தேங்க."

"பாக்கலாம், பாக்கலாம். அது எங்க—"

"ஓடாது. தெரியும்" என்றாள் அவள். அளவர் அவளையும் புதுமாப்பிள்ளையையும் வியப்புப் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேம்மா. எல்லா நாடாவும் வாங்கினவங்ககூட கடல் பாத்ததில்ல. அது கடைசி இடமா, அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவோம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் இந்த ஊர்க்காரன்மா. சின்ன வயசுல..." என்று தொடங்கியவர், சட்டென்று கட்டையைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்.

பயிற்சி நிலையம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. நீள நீள பெஞ்சுகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பயிற்சியாளர் அம்மாவுக்கு வருஷக்கணக்காகப் புருவத்தைத் தூக்கித் தூக்கி, அது மேலேயே தங்கிவிட்டிருந்தது. "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டால்கூட, டீ என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் கேள்விப்பட்டவர் போலிருந்தார்.

"கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்க. ஆஆஆ!"

"ஆ" என்றாள் ஷட்டரம்மா. 'உங்க நம்பர் என்ன' என்று கேட்டமாதிரி இருந்தது.

"உள்ளேருந்து வரணும்மா."

"உள்ளே இருக்கா இல்லையான்னுதான் பாக்க வந்தேன்."

அம்மாவுக்கு இது புரியவில்லை. ஆனால் புருவம் மேலேயே இருந்ததால் மிகவும் நெகிழ்ந்துபோனவர் மாதிரி தெரிந்தார். அதைப் பார்த்துப் புதுமாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், என் மிஸஸ் வாசல்ல நிக்கிறா. அவளைக் கோட்டை முன்னாடி நிறுத்தினா திசை சரியாயிடுமே?" என்று யோசனை சொன்னான். அதற்கு விதி இல்லை என்றார் அம்மா.

நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. இருட்டுவதற்குள் பேருந்து கிளம்பிவிடும். அவள் எழுந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.

மூலையில் இருந்தது. வாளி, குவளை, சொட்டிக்கொண்டிருக்கும் குழாய். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். அழலாம் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. முகத்தில் காற்று பட்டது. நிமிர்ந்தால், மேலே காற்றுப்போக்கியில் ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்து விழுந்திருந்தது. அதன் வழியாக வெளிச்சம் ஆடிக்கொண்டே உள்ளே வந்தது. துறைக்கு இந்தக் கட்டடத்தில் ஜன்னல்களை அடைக்கத் தோன்றியிருக்கிறது. பெண்கள் கழிப்பறையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வாளியைக் கவிழ்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறினாள்.

எதிரே அது கிடந்தது. யாருக்காகவும் எதையும் செய்யாமல் கிடந்தது. அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. தூரத்தில் அது எங்கே முடிகிறது என்று தேடிப்போன அவள் கண் திரும்பி வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். பார்க்க மறந்துவிட்டாள். இத்தனை நாளும் தன்னையே ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு பெண், கவுண்டருக்குப் பின்னாலிருக்கும் அந்தப் பெண், எழுந்து எங்கேயோ போய்விட்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. மூச்சு மட்டும் மெதுவாக, அலை போகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. "ஏம்மா, என்ன ஆச்சு? உயிரோட இருக்கீங்களா?" என்றார் பயிற்சியாளர் அம்மா.

அவள் இறங்கித் தாழ்ப்பாளை எடுத்தாள். வாளியைக் காட்டினாள். அம்மா ஏறிப் பார்த்தார். திரும்பியபோது அவருடைய புருவம் கீழே இறங்கியிருந்தது. இறங்கியதும்தான் தெரிந்தது, அவருக்கு எவ்வளவு களைத்த, எவ்வளவு அழகான முகம் என்று.

அதன்பின் விஷயம் நிற்கவில்லை. அம்மா வாசலில் நின்ற புதுப்பெண்ணைக் கூப்பிட்டார். புதுப்பெண் பார்த்துவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை முதல்முறையாக மனைவியை விட்டு வேறொன்றைப் பார்த்தான். அவன் கோட்டை வாசலில் யாரிடமோ சொல்ல, கழிப்பறை முன்னால் வரிசை கட்டிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக வாளியில் ஏறுவதும், பேசாமல் இறங்குவதுமாக இருந்தார்கள்.

வீட்டுக்காரர் நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன இங்க கூட்டம்? நான் வாய் பிளந்து உக்காந்திருக்கேன், எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல!"

"ஏறுங்க. முழங்கால் பத்திரம்" என்றாள் அவள்.

ஏறும்போதே தயாராக வாயைத் திறந்துகொண்டுதான் ஏறினார். "அடேங்..." என்றது மட்டும் கேட்டது. பிறகு அந்த வாய் மெல்ல, ஒரு கடையைச் சாத்துகிற மாதிரி, சாத்திக்கொண்டது. அவள் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அது சாத்தி அவள் பார்த்ததில்லை. அவர் இறங்கி அவள் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

இயக்குநர் வந்தபோது கூட்டம் தெருவரை நின்றது. கூட்டம் என்றால் அவருக்கு வாய் ஊறும். "இதையே ஒரு புது இடமா அறிவிச்சிடலாம். வாளிக்கு மேல ஒரு கொட்டகை, ரெண்டு காவலாளி. அளவு எடுங்க!"

அளவர் அளந்தார். பார்த்து இறங்கியவர்கள் ஒவ்வொருவர் உதட்டிலும் கட்டையை வைத்துப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. முன்மாதிரி வியப்பாளரிடம்கூட நுழையவில்லை.

"சார்... பூஜ்யம்."

"எல்லாருமா?"

"எல்லாரும் சார். ஒரு வாய்கூடத் திறக்கல." அவர் தயங்கினார். "நீங்களே ஒரு தடவை ஏறிப் பாத்தா..."

"நான் எதுக்குய்யா பாக்கணும்? அளவுதான் இருக்கே!" இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, முன்கூட்டியே தெரிஞ்சுது. இந்த லட்சணத்துல இருக்கிற ஒண்ணைப் போய், கடைசி இடம், முக்கிய இடம்னு நாம பூட்டிக் காவல் போட்டிருக்கோம்! அந்தக் குழு வந்து இதைப் பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்த நிமிஷத்திலேருந்து கடலுக்கும் துறைக்கும் சம்பந்தம் இல்ல. தகரத்தையெல்லாம் பிரிச்சுப் பீரங்கிக்கு இன்னொரு கூரை போடுங்க."

காவலாளி செய்தித்தாளை எறிந்துவிட்டுக் கடல் கதவைத் திறந்தார். பூட்டு துருப்பிடித்திருந்ததால் கடப்பாரை தேவைப்பட்டது. மணி ஐந்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

மணலில் இறங்கியதும் ஷட்டரம்மா செருப்பைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் தன் கை நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தார். ஈர மணல் வரை போய் நின்றாள். முதல் அலை அவளை எட்டாமல் திரும்பிப் போனது. அடுத்தது கணுக்காலைத் தொட்டது. அதற்கடுத்தது கேட்காமல் கொள்ளாமல் வந்து இடுப்புவரை அடித்து, அவளைத் தள்ளி, வீட்டுக்காரர் மேல் சாய்த்து, இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துவிட்டுப் போனது. செருப்பு ஒரு பக்கம் மிதந்தது.

எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம், வெட்கம் கெட்ட சத்தம். யார் இப்படிச் சிரிப்பது என்று அவள் திரும்பிப் பார்க்கப் போனாள். அதற்குள் வாயில் உப்புத் தண்ணீர் புகுந்தது. அப்போதுதான் அது தன் வாய் என்று தெரிந்தது.

கதவருகே நின்ற அளவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அம்மா! இப்ப திறந்திருக்கும்மா! அஞ்சு விரக்கடை தேறும்! அப்படியே மூடாம வாங்க, நாடா கட்டிடறேன்!"

அவள் திரும்பவில்லை. அடுத்த அலை வந்துகொண்டிருந்தது.